இவனில்லை

உலான்பாத்தரில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
வடக்குச் சரிவின் கெர் கூடாரங்களிலிருந்து இறங்கிய கரிப்புகை
ஆய்வகச் சன்னலில் முகம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.
பின்கட்டடத்திலிருந்து முற்றம் கடக்க நான்கு நிமிடம்.
இரத்தக் குழாய்களைக் கோட்டுக்குள் அக்குளில் இடுக்கிக்கொண்டு
ஓடிவருவாள் செவெல்மா,
திருடியவள் போல.

பதினேழாவது குழாய்.
வயது ஐம்பத்தாறு. நிலக்கரி லாரி ஓட்டுநர்.
பெயர் எனெபிஷ்.

எங்கள் மொழியில் அதற்கு
'இவனில்லை' என்று அர்த்தம்.
முன்னே பிறந்த மூன்றும் பல் முளைக்கும் முன் போய்விட்டால்
நான்காவதற்கு இப்படித்தான் வைப்பார்கள்.
பட்டியலோடு வந்து நிற்பது
யாரென்று கேட்டால்
இவனில்லை, வேறெங்காவது பார் என்று
அனுப்பிவிடலாம்.
என் தாய்மாமன் பெயர் 'பெயரில்லை'.
எழுபத்தொன்பது வரை இருந்தார்.
அதுவும் குதிரை உதைத்துத்தான் போனார்.

கருவில் கிடக்கும்போது ஈரல் ஒரு புரதம் சுரக்கும்.
பிறந்த பிறகு மெல்ல அதை மறந்துவிடும்.
மறக்கத்தான் வேண்டும்.
ஈரலில் புற்று வைத்தால் சிலருக்கு
ஐம்பது வயதுக்கு மேல் அது
ஞாபகம் வந்துவிடுகிறது.

பத்துக்குக் கீழே இருந்தால்
நான் டீ குடிக்கப் போவேன்.
எனெபிஷின் எண்ணைச் சொல்ல இயந்திரம் மறுத்தது.
அளவுக்கு மேல் என்றது.
பத்து மடங்கு நீர்த்தேன்.
அளவுக்கு மேல்.
நூறு மடங்கு.
சீரம் தண்ணீராகவே ஆகிவிட்டது,
எண் மட்டும் நீர்க்கவில்லை.
நாற்பத்தோராயிரத்து இருநூறு.
ஆல்புமின் இருபத்தாறு.
பிலிருபின் ஐம்பத்தெட்டு.

டாக்டர் பஸார்சாத்திடம் ஒரு அட்டவணை உண்டு.
எண்களை அதனதன் கட்டத்தில் போட்டால்
கீழே மாதங்கள் விழும்.
நான்கு விழுந்தது.
இரண்டாம் முறையும் கூட்டிப் பார்த்தார்,
சில்லறை குறையும் கடைக்காரர் மாதிரி.

வராந்தாவில் அவர் மனைவி ஹோர்லோ,
மடியில் உப்புத் தேநீர்க் குடுவை.
வந்துவிட்டதா?
டாக்டர் சொல்வார், என்றேன்.
எவ்வளவு என்று கேட்கவில்லையே,
வந்துவிட்டதா என்றுதானே கேட்டேன்.

பெயர் கூப்பிடுவதும் என் வேலைதான்.
கதவைத் திறந்து உரக்கச் சொன்னேன்:
இவனில்லை!
பெஞ்சில் இருந்த பதினொரு பேரும் நிமிர்ந்தார்கள்.
தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு
ஒருவர் எழுந்தார்.
நான்தான், என்றார்.

உள்ளே போகும் முன் நின்று, நான் கேட்காமலே சொன்னார்:
எங்கள் வகுப்பில் முப்பத்திரண்டு பிள்ளைகள்,
ஒரே கண்ணாடி ஊசி.
வெந்நீரில் முக்கி முக்கிக் குத்தினார்கள்.
வரிசையில் நான் ஆறாவது.
ஏழாவது நின்ற பாத்சூரி
போன வருடமே போய்விட்டான்.
எட்டாவது யார் என்றுதான்
நினைவுக்கு வரமாட்டேனென்கிறது.

இரவெல்லாம் அந்த நான்கை யோசித்தேன்.
அவரைப் போன்ற நூறு பேரில்
ஐம்பது பேர் அதற்கு முன்,
ஐம்பது பேர் அதற்குப் பின்.
அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.
இவனா என்று முகத்தைக் காட்டிக் கேட்டால்
அட்டவணையும் அதையேதான் சொல்லும்.
அந்த அம்மா ஐம்பத்தாறு வருடம் முன்பு
குளிரில் நின்று சொன்னதை.

இதில் ஆறுதல் இருக்கிறதா என்று தெரியவில்லை.
இருந்தால் அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்,
எனக்கு இன்னும் முப்பது குழாய் இருந்தது.

ஜூலையில் முற்றத்தில் புகை இல்லை.
கோட்டும் இல்லாமல், தட்டில் அடுக்கி
நிதானமாக நடந்து வந்தாள் செவெல்மா.
நான்காவது குழாயில் அதே பெயர்.
என் விரல் மாதங்களை எண்ணியது,
ஐந்தில் நிற்காமல் ஆறுக்குப் போனது.

இந்த முறை இயந்திரத்திடம் கேட்கவில்லை,
முதலிலேயே நூறு மடங்கு நீர்க்கத் தயாரானேன்.
மூடியைத் திறக்கும் முன்
கொஞ்ச நேரம் குழாயைக் கைக்குள் பொத்தி வைத்திருந்தேன்.
வெதுவெதுப்பாக இருந்தது.
வெயிலாகவும் இருக்கலாம்.